கொய்யா மரத்து விசிறிவால்

பறவை வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

மாத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. மாசி வெயில் சூடேறத் தொடங்கியிருந்த ஒரு காலை. கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நிற்கும் கொய்யா மரத்தின் மேல்கிளையில் அது இருந்தது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே நீளம். கரும்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. கண்ணுக்கு மேலே சுண்ணாம்பைத் தொட்டு இழுத்துவிட்டது போல அகலமான வெள்ளைப் புருவம்.

இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. வாலை விசிறி மாதிரி விரித்தது, மடக்கியது, கிளையில் ஓர் எட்டு நகர்ந்து திரும்பவும் விரித்தது. தொண்டை உப்பி உப்பி அடங்கியது. அலகு படபடவென்று அடித்துக்கொண்டது.

நான் டீ டம்ளருடன் நாலைந்து அடி தள்ளி நின்றேன். என் மனைவி ஸ்டெல்லா தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மேலே வந்திருந்தாள்.

"இன்னாமே, இது ஊமப் பறவையா? வாய மட்டும் தொறக்குது, சத்தத்தக் காணோம்?"

ஸ்டெல்லா தொட்டி மூடியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டபாய்க்கிறியா?"

"நான் இன்னாத்துக்கு டபாய்க்கணும்?"

"யோவ், காலைலேர்ந்து காது கிழியிற மாதிரி கத்திகினு கீது. உனுக்குக் கேக்கலியா?"

எனக்குத் தெருவில் போன தண்ணீர் லாரி கேட்டது. தூரத்தில் மணலிப் பக்கத்திலிருந்து ஏதோ ஓர் ஆலையின் அடித்தொண்டை உறுமல் கேட்டது. கீழ்வீட்டு மோட்டார் கேட்டது. அந்தப் பறவையிடமிருந்து மட்டும் ஒரு பொட்டுச் சத்தம் என்னிடம் வந்து சேரவில்லை.

"கேக்குது, கேக்குது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

கழுத்தில் தொங்கிய காது மூடி

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ஆரோக்கியசாமி. திருவொற்றியூரில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைப்போம். மேலேயிருந்து சுத்தியல் விழும். சுத்தியல் என்றால் கையில் பிடிக்கிற சுத்தியல் இல்லை. ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும். அது விழும்போது தரை அதிரும், டிபன் பாக்ஸில் இருக்கும் குழம்பு வட்டம் போடும். அந்தச் சத்தத்தில் என் ஆயுளில் பாதி போயிருக்கிறது.

காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். இல்லை என்று சொல்லக் கூடாது. போட்டால் வேர்வையில் வழுக்கும், பக்கத்தில் நிற்பவன் சொல்வது விளங்காது. ஆகவே எங்கள் எல்லோருக்கும் அது கழுத்தில் மாலையாகத் தொங்கும்.

பட்டறையில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. கத்துவோம். கத்தியும் எட்டாவிட்டால் கையைக் காட்டுவோம், உதட்டைப் பார்ப்போம். இப்படி ஒரு இடத்தில் காது கேட்பவன் யார், கேட்காதவன் யார் என்று எப்படிப் பிரிப்பது? எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம்.

எனக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததும் அங்கேதான்.

ஷிஃப்ட் இன்சார்ஜ்

பட்டறைக்குப் பின்னால் ஒரு புங்க மரம். அதையொட்டி மதில், மதில்மேல் முள்கம்பி. மத்தியானம் நானும் காதர் பாயும் அங்கேதான் சாப்பிடுவோம். காதர் பாய் தண்டையார்பேட்டைக்காரர். என்னோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், ஒரே சுத்தியலில் நின்றவர், என் தோஸ்து.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், முள்கம்பியில் சின்னப் பறவை ஒன்று வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் மங்கிய பழுப்பு. அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. கண் மட்டும் பெரிசு. அந்த முகத்துக்கு அவ்வளவு பெரிய கண் தேவையா என்று தோன்றும். திடீரென்று கம்பியை விட்டுக் கிளம்பும், காற்றில் ஒரு வளைவு, வாயில் ஒரு ஈ, திரும்பவும் அதே கம்பி, அதே முள். சோற்று வாசத்துக்கு ஈக்கள் வரும். ஈக்களுக்கு அது வரும்.

சாப்பாட்டு நேரம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து நாலாபக்கமும் பார்த்துக்கொண்டே இருந்ததால், பாய் அதற்கு 'ஷிஃப்ட் இன்சார்ஜ்' என்று பெயர் வைத்தார்.

அது பழுப்பு ஈப்பிடிப்பான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வடக்கே குளிர் தாங்காமல் இறங்கி வந்து, பங்குனி வாக்கில் திரும்பிப் போய்விடும். அடுத்த வருஷமும் அதே கம்பியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதே பறவைதானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. பாய் பண்ணினார்.

"அதேதான் மாமு. மூஞ்சியப் பாரு, அதே வெறப்பு."

ஈப்பிடிப்பான்களுக்கு ஒரு வசதி உண்டு. அலகின் அடியில் மெல்லிய முடிகள், மீசை மாதிரி. அலகு தட்டையாக, அடியில் அகலமாக இருக்கும். பறக்கிற பூச்சியைப் பறந்தே பிடிக்கிற தொழிலுக்கு வேண்டிய ஏற்பாடு. நானும் கருவிகளோடு வாழ்ந்தவன் என்பதால் அந்த அலகின்மேல் எனக்குத் தனி மரியாதை.

எண்ணூர்ப் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சாலையோர மரங்களில் இந்தப் பறவைகளைத் தேடுவேன். இலைமேல் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மரங்களில் அவை அநேகமாக இருக்காது. இலையில் பூச்சி இல்லாவிட்டால் அதைத் தின்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?

புதுநன்மை உடுப்பு

ஸ்டெல்லாவுக்கு என் பைத்தியம் ஒட்டவில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

அவள் பிறந்து வளர்ந்தது கல்மண்டபம். வேலையும் ராயபுரத்தில்தான், துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற ஒரு ஏஜென்சியில். நாங்கள் மாத்தூருக்குக் குடிவந்த பிறகும் பாட்டுக் குழுவை மட்டும் அவள் விடவில்லை. ராயபுரத்துக் கோயிலில் சின்ன வயசிலிருந்து பாடுகிறாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு. பூசை முடிந்து அவளுக்காக வளாகத்தில் காத்திருந்தேன். அங்கிருந்த மரத்தின் நிழலுக்குள் ஒரு வெள்ளை ரிப்பன் நழுவியது. பார்த்தால் அரசவால் ஈப்பிடிப்பான், வயது வந்த ஆண். கறுப்புத் தலை, கொண்டை, மற்றதெல்லாம் வெள்ளை. உடம்பைவிட நீளமான இரண்டு வால் இறகுகள் காற்றில் அலைந்தன. இளம் ஆண்கள் செம்பழுப்பாக இருக்கும். நாளாக நாளாகத்தான் வெள்ளை கட்டும். நான் ஸ்டெல்லாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"புதுநன்மைக்கு உடுத்துன புள்ள மாதிரி கீதுய்யா" என்றாள்.

முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைக்கு வெள்ளை உடுத்திப் பார்க்கிற எங்கள் மக்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் அது விருந்தாளி. மறுவாரம் இல்லை. எங்கள் கொய்யா மரத்துக்கு வந்தது விருந்தாளி இல்லை, உள்ளூர். வருஷம் பூராவும் இங்கேயே கிடக்கிற வெண்புருவ விசிறிவால்.

விசிறிவால் ஈப்பிடிப்பான் என்றும் சொல்வார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அதை வேறு குடும்பம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஈக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிடிக்கிற முறையில் மட்டும் வித்தியாசம் உண்டு. ஷிஃப்ட் இன்சார்ஜ் பூச்சி வரும்வரை காத்திருப்பார். விசிறிவாலுக்குப் பொறுமை இல்லை. கிளைக்குக் கிளை தாவி, வாலைப் படக்கென்று விரித்து, இலையில் ஒளிந்திருக்கும் பூச்சியை வெருட்டிக் கிளப்பும். கிளம்பிய பூச்சி போய்ச் சேராது.

எனக்காக ஆடுகிறது

ஊமப் பறவை என்று நான் கேட்ட அன்றைக்குப் பிறகு தினமும் மாடிக்குப் போனேன். அது தனியாக இல்லை, ஜோடி. இரண்டும் சேர்ந்து கூடு கட்டிக்கொண்டிருந்தன.

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில், கொய்யாவின் கவட்டில், டீக்கடைக் கண்ணாடி கிளாஸின் அடிப்பாகம் அளவுக்கு ஒரு கிண்ணம். மெல்லிய புல்லும் நாரும். அதன்மேல் வெளியே முழுக்கச் சிலந்தி நூலைக் கொண்டுவந்து அப்பி, நெஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் பூசியிருந்தன. எங்கள் பட்டறையில் அச்சுக்கு மெருகு போடுகிறவர்கூட அவ்வளவு வழவழப்பு கொண்டுவர மாட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கிளையில் ஒரு புடைப்பு என்றுதான் நினைக்கத் தோன்றும்.

மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டேன். கூட்டில் மூன்று முட்டை இருந்தன. போனைக் கையில் நீட்டிப் படம் எடுத்ததில் பார்த்தேன். தந்த நிறம், பருத்த முனையில் சாம்பல் புள்ளிகள் வளையம் கட்டியிருந்தன. இரண்டும் மாறி மாறி அடைகாத்தன. ஆண் இன்னது, பெண் இன்னது என்று பிரிக்க எனக்குக் கடைசிவரை வரவில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்று கூட்டைவிட்டு என் பக்கம் வரும். கைக்கெட்டும் தூரத்தில் கிளையில் நின்று வாலை விரித்து, உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பி, தலையைத் தாழ்த்தி, அலகை ஓயாமல் திறந்து மூடும். இன்னொன்றும் வந்து சேர்ந்துகொள்ளும். நான் எழுந்து போகும்வரை ஆட்டம் நிற்காது.

மனுஷனைக் கண்டு பயந்து ஓடாத பறவை! எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டறையில் பாயிடம் படத்தைக் காட்டினேன்.

"என்னப் பாத்தா ஆடுது பாய். பழகிடுச்சி. ரெண்டும் வந்து ஆடுது."

"உன் மூஞ்சிக்கா?"

"மூஞ்சிக்கு இல்ல. மனசுக்கு."

பாய் சோற்றை வாயில் வைத்தபடி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அந்த நாட்களில் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் ஒரு காக்கை தவறாமல் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. அதையும் நான் கவனித்தேன். என்னைப் போல அதுவும் வேடிக்கை பார்க்கிறது என்று நினைத்தேன்.

பின்னால் வந்த வண்டி

பிறகு அது நடந்தது.

பட்டறையில் அச்சுகளைத் தூக்கிப் போகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி உண்டு. பின்பக்கமாக வரும்போது பீப் பீப் என்று கத்தும். சுத்தியல் நின்றிருந்த இடைவேளை. நான் நடைபாதைக் கோட்டைத் தாண்டி, குனிந்து, ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் தரையில் லேசான அதிர்வு. அதற்குள் யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து விழுந்தேன். வண்டியின் பின்சக்கரம் என் ஷூ இருந்த இடத்தில் ஏறி நின்றது.

இழுத்தவர் காதர் பாய். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நைனா, செத்துருப்ப! பீப் பீப்னு கத்திகினு வருது வண்டி, நீ பாட்டுக்குக் குந்திகினு கீற! காது கீதா, இல்லியா உனுக்கு?"

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். டிரைவர் வண்டியை விட்டு இறங்கி ஓடி வந்தான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. வண்டி கத்தியிருக்கிறது. பட்டறை முழுக்கக் கேட்டிருக்கிறது.

"பாய், அது இப்போ கத்துதா?" என்று கேட்டேன். வண்டி இன்னும் பின்கியரில்தான் நின்றிருந்தது.

பாய் ஆமென்று மெல்லத் தலையை ஆட்டினார்.

கொய்யா மரத்தில் அலகு திறந்து மூடியதும், இந்த வண்டி கத்துவதும் எனக்கு ஒன்றாகிப் போயிருந்தன. தரையில் உட்கார்ந்தபடியே அது எனக்குப் புரிந்தது. சரி, இது ஒரு பழுது, பழுதென்றால் பார்க்கணும் என்று எழுந்தேன். இரும்போடு இருந்தவனுக்கு அதுதான் பழக்கம்.

அன்று மாலை ஸ்டெல்லாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

காது பரிசோதிக்கிற இடத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண் இயந்திரத்தைத் திருகினாள்.

முதலில் கப்பல் சங்கு மாதிரி தாழ்ந்த சத்தம். அமுக்கினேன். இன்னொன்று, அமுக்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அமைதி. முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று எழப்போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தப் பெண்ணின் விரல் இன்னும் திருகிக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற ஸ்டெல்லா கையை வாயில் வைத்திருந்தாள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஒரு படத்தைக் காட்டினாள். கோடு நேராகப் போய், பாதியில் சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியது.

"கீழ் சுருதி எல்லாம் ஓரளவு கேக்குது சார். மேல் சுருதிதான் போயிருக்கு. மெஷின் சத்தத்துல வேலை செய்யறவங்களுக்கு இப்படித்தான் போகும். பேச்சுலகூட ச, த, ப எல்லாம் உங்களுக்குச் சரியா வராது. வீட்டுல உள்ளவங்க முணுமுணுக்கறாங்கன்னு சொல்வீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

"தெனம் சொல்லும்மா. தெனம்."

"திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"போனது வராது சார். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். கருவி வெச்சா இப்போ கேக்காதது நிறையக் கேக்கும். ஆனா எல்லாத்தையும் ஒண்ணா மூட்டை அவுத்துக் கொட்டின மாதிரி இருக்கும். மூளை பழகணும்."

"குருவி சத்தம்?"

"எந்தக் குருவி?"

விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேக்கும்னு நினைக்கறேன்" என்றாள்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஸ்டெல்லா என் தோளோடு சாய்ந்து ஏதோ முனகினாள். இன்னா என்றேன்.

"அந்தக் குருவி பாட்டு. காலைல பாடும், நீ கீழ கீறப்ப. அது ரொம்ப மேல பாடுது. உனுக்குக் கேக்குற மாதிரி கீழ எறக்கிப் பாடிக் காட்றேன்."

படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு தயக்கம், பிறகு சரிந்து இறங்குகிற ஏழெட்டுச் சுரங்கள். சுதி சுத்தமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண்மணி கூடையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். அந்த விசிறிவாலின் பாட்டை நான் முதலில் கேட்டது என் மனைவியின் வாயிலிருந்துதான்.

அலகு மூடும் சத்தம்

கருவி காதில் ஏறிய முதல் நாளை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். என் செருப்பு என்னைத் துரத்தியது. பிளாஸ்டிக் கவர் பட்டாசு மாதிரி வெடித்தது. சமையலறையில் ஸ்டெல்லா கடுகு தாளித்தாள், ஓடிப் போய்ப் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாடிக்குப் போனேன். படி ஏறும்போதே கேட்டுவிட்டது. ஷேர் ஆட்டோவில் கேட்ட அதே பாட்டு, அதைவிட மெல்லிசாக, கம்பி மாதிரி. கடைசிப் படியில் நின்றுவிட்டேன். விசிறிவால் என்னைக் கவனிக்கவில்லை. கிளையிலிருந்து பாய்ந்து ஏதோ ஒரு பூச்சியைப் பிடித்தது. அப்போது ஒரு சின்னச் சத்தம். பெட்டிப்பூட்டு விழுவது போல, டிக்.

அலகு மூடும் சத்தம். இத்தனை வருஷம் ஈப்பிடிப்பான்களைப் பார்த்திருக்கிறேன், அவை ஈ பிடிக்கும்போது இப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

பிறகு என் நாற்காலியை நோக்கி நடந்தேன்.

பாட்டு வெட்டுண்டது மாதிரி நின்றது. ச்சக்! ச்சக்! ச்சக்! கத்தரிக்கோலைக் காதோரம் வைத்து வெட்டுவது போலக் கரடுமுரடான சத்தம். பறவை கைக்கெட்டும் கிளைக்கு வந்தது, வாலை விரித்தது, உடம்பைத் திருப்பித் திருப்பி அதே ஆட்டத்தை ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ச்சக். ஜோடியும் பறந்து வந்தது. இரண்டும் சேர்ந்து போட்ட சத்தத்தில் கருவியைக் கழற்றிவிடலாமா என்று தோன்றியது.

இரண்டடி பின்னால் போனேன். சத்தம் குறைந்தது. படிவரை போனேன். நின்றது. திரும்ப முன்னால் வந்தேன். ச்சக்! ச்சக்!

அந்தச் சமயத்தில் டிஷ் ஆன்டெனாக் காக்கை கொய்யாவுக்குத் தாவியது. பறவைகள் என்னை விட்டுவிட்டு அதன்மேல் பாய்ந்தன. காக்கையின் முதுகில் ஒன்று கொத்தியது, இன்னொன்று முகத்துக்கு நேரே வாலை விரித்தது. எழுப்பிய சத்தம் அதே ச்சக் ச்சக். ஒரு சுருதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காக்காவுக்கும் எனக்கும் ஒரே வசவு!

காக்கை விரட்டுப்பட்டுத் திரும்பவும் ஆன்டெனாவுக்குப் போனது. அப்போதுதான் கூட்டைப் பார்த்தேன். விளிம்புக்கு மேலே மூன்று சின்ன வாய்கள். எப்போதோ பொரித்திருக்கிறது. நான் மாடியில் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அப்பனும் ஆத்தாளும் கூட்டை விட்டுவிட்டு என்னைத் திட்ட வந்துவிடுகின்றன. கூட்டில் காவல் இல்லை. காக்கை அதற்காகத்தான் தினம் வந்து உட்காருகிறது. நான் எப்போது மாடி ஏறுவேன் என்று பார்த்துக்கொண்டு!

அந்த நிமிஷமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

எதுலேர்ந்து சொல்றது

ஸ்டெல்லா அடுப்படியில் இருந்தாள். சொன்னேன். கரண்டியோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"கத்திகினு கீதுன்னுதானே நான் அன்னிக்கே சொன்னேன்? பாடுதுன்னா சொன்னேன்? நான் பாட்டுக்கு, மரத்துல இன்னாவோ புடிக்கலன்னு நெனச்சேன். நீதான் அதுன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்?"

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

"நானும்தான்யா கத்திகினு இருந்தேன். நீ தலைய ஆட்டுவ. சரின்னுட்டன்னு நெனச்சிப்பேன். அப்புறம் பாத்தா ஒண்ணுமே தெரியாத மாதிரி போயிகினு இருப்ப."

"எத்த?"

"பாட்டுக் குழுவ எடுத்து நடத்தச் சொல்லிக் கேட்டாங்க, போன கிறிஸ்மஸுக்கு. இதே எடத்துல நின்னு சொன்னேன். வாரத்துல ரெண்டு சாயங்காலம் ரிகர்சல், லேட்டா வருவேன்னு சொன்னேன். தலைய ஆட்டுன. அதுக்கப்புறம் ஒரு வார்த்த கேக்கல. உனுக்குப் புடிக்கலபோலன்னு நானும் வேணாம்னுட்டேன்."

நான் அவளருகே போய் நின்றேன்.

"இப்போ?"

"இப்போ வேற ஆள் நடத்துறாங்க. நல்லாத்தான் நடத்துறாங்க."

அதில் வருத்தம் இருந்ததா என்று என் கருவிக்குப் பிடிபடவில்லை. நான் கேஸ் அடுப்பை அணைத்தேன். நாற்காலியை அடுப்படியிலேயே போட்டு அவளை உட்காரவைத்தேன்.

"நான் கேக்காம வுட்டது இன்னும் இன்னா இன்னா கீதோ, எல்லாத்தையும் திரும்பச் சொல்லு."

"எல்லாத்தையுமா?" அவள் யோசித்தாள். "எதுலேர்ந்து சொல்றது?"

"எதுலேர்ந்து வேணாலும்."

அன்று இருவரும் வேலைக்குத் தாமதமாகப் போனோம். அவள் சொன்னதில் பாதி சாதாரண விஷயம். மூக்குக் கண்ணாடி மாற்றணும் என்றது, அவள் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு இன்ன புடவை என்று கேட்டது. சில விஷயங்கள் சாதாரணம் இல்லை. அவற்றை இங்கே எழுத அவள் அனுமதிக்கவில்லை.

டை ஸ்டோர்

பட்டறையில் மருத்துவ அறிக்கையைக் கொடுத்தேன். மறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். காலருக்குப் பின்னால் எப்போதும் காதர் பாய் நிற்க மாட்டார் அல்லவா? மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, சுத்தியலிலிருந்து எடுத்து அச்சு வைக்கும் டை ஸ்டோருக்கு மாற்றினார். சுத்தியல்காரன் என்று நிமிர்ந்து நடந்தவனுக்கு ஸ்டோர் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அங்கே வண்டிப் பாதை இல்லை. வேலையும் எனக்குத் தெரிந்த வேலை. எந்த அச்சு எத்தனை அடி தாங்கும் என்று தொட்டே சொல்வேன்.

காதர் பாயைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதுதான் பெரும்பாடு.

"எனுக்கு இன்னா? நான்தானே உன்ன இஸ்தேன்?"

"நீ கேட்டு இஸ்தியா, பாத்து இஸ்தியா?"

பாய் காது மடலைச் சொறிந்துகொண்டார். "பாத்துதான்" என்றார்.

அவருக்குச் சறுக்குமரம் அவ்வளவு செங்குத்து இல்லை. பிழைத்தார். இப்போது எங்கள் பட்டறையில் காது மூடிகள் காதில்தான் இருக்கின்றன. போடாதவனைப் பார்த்தால் பாய் முதுகில் ஒன்று வைப்பார்.

மாடிக் கதவு

மாடிக்குப் போவதை நான் நிறுத்தினேன். மாடிப்படி முடிகிற இடத்தில் தகரக் கதவு, அதில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். அங்கே நின்று பார்த்தேன். பறவைகள் திட்டவில்லை. ஒன்று போனால் ஒன்று கூட்டில் இருந்தது. காக்கை இரண்டொரு முறை முயன்று அடி வாங்கிவிட்டு, வேறு தெருவைப் பார்க்கப் போய்விட்டது.

ஈ, கொசு, அந்துப்பூச்சி என்று ஓயாமல் கொண்டுவந்து மூன்று வாய்களில் திணித்தன. திரும்பும்போது குஞ்சுகளின் எச்சத்தை வெள்ளை மணி போல அலகில் எடுத்துக்கொண்டு தூரத்தில் போய்ப் போட்டன. குஞ்சுகள் பெரிசாக ஆக, கூடு கொள்ளவில்லை. மூன்றும் மேலே மேலே உட்கார்ந்து, சிலந்தி நூல் இழுபட்டு, கிண்ணம் தட்டாகிக்கொண்டு வந்தது.

குஞ்சுகள் கிளம்பிய நாள் ஒரு சனிக்கிழமை. ஸ்டெல்லா துவைத்த துணிகளைப் பக்கெட்டில் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். நான் கதவண்டை நின்றிருந்தேன். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.

இரண்டு குஞ்சுகள் ஏற்கெனவே கொய்யாக் கிளையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. வால் இன்னும் வளரவில்லை. கட்டை வாலை விரிக்கப் பார்த்து, விரிக்க ஒன்றும் இல்லாமல் விழித்தன. மூன்றாவது கூட்டின் விளிம்பிலிருந்து பறந்தது. பறந்தது என்பதைவிட விழுந்தது என்று சொல்லலாம். கைப்பிடிச் சுவரில் மோதி, மாடித் தரையில் வந்து உட்கார்ந்தது. வெயிலில் தரை காய ஆரம்பித்திருந்தது. வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது.

என் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. எடுத்துக் கிளையில் வைக்க ஒரு நிமிஷம் ஆகாது.

ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடுய்யா. அதுங்க கீதுங்கல்ல."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

பெற்றவை இரண்டும் கைப்பிடிச் சுவருக்கு வந்தன. ஒன்று அலகில் ஏதோ பூச்சியை வைத்துக்கொண்டு குஞ்சுக்கு எட்டாத தூரத்தில் நின்று கூப்பிட்டது. குஞ்சு ஒரு தத்து தத்தியது. பறவை பின்னால் போய் நின்றது. இன்னொரு தத்து. நிழல்வரை வந்தது. பிறகு தொட்டியின் குழாய். குழாயிலிருந்து சுவர். சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. எங்கள் இருவர் முகமும் அந்தச் சின்னக் கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அது கிளம்பி, இந்த முறை மெய்யாகவே பறந்து, கொய்யா இலைகளுக்குள் போயிற்று. பூச்சி கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருக்கும்.

மதியம்வரை கதவைத் திறக்கவில்லை. துணி பக்கெட்டிலேயே கிடந்து வாடை அடித்தது. ஸ்டெல்லா திரும்பவும் அலசினாள். நான் பிழிந்தேன்.